குறைந்த செலவில் கோல்ஃப் மட்டைகள்: சராசரி ஆட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையோ கோவையோ ஊட்டியோ, எந்தத் திடலில் ஆடத் தொடங்கியவரானாலும், சில மாதங்களுக்குள் மட்டைகளைப் பற்றி ஏறத்தாழ ஒரே மாதிரியான ஐயங்களோடு வந்து நிற்கிறார். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்து, எனக்குத் தெரிந்த விடைகளைத் தந்திருக்கிறேன். சராசரி ஆட்டக்காரர் என்று நான் குறிப்பிடுவது, 18 குழிகளை 90க்கும் 110க்கும் இடைப்பட்ட அடிகளில் முடிப்பவரை. வாரம் ஒருமுறை அல்லது மாதம் இரண்டு முறை மட்டுமே திடலுக்கு வர முடிந்தவரை. விடைகள் வலக்கை ஆட்டக்காரரை வைத்து எழுதப்பட்டுள்ளன. இடக்கைக்காரர்களுக்கான கேள்வி தனியாகப் பின்னால் வருகிறது.

பையில் 14 மட்டை இருந்தால்தானே முழு செட்? அதைவிடக் குறைவாக வைத்துக்கொண்டு ஆடலாமா?

தாராளமாக ஆடலாம். 14 என்பது கோல்ஃப் விதிகள் வகுத்திருக்கும் உச்ச வரம்பே தவிர, கட்டாய எண்ணிக்கை அல்ல. அதற்கு மேல் ஒன்று கூடினாலும், மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் ஆட்டத்தில் குழிக்கு இரண்டு அடி வீதம், ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் நான்கு அடி தண்டனை உண்டு; குறைந்தால் எந்தத் தண்டனையும் இல்லை. இந்த வரம்பே அமெரிக்காவில் 1938இல்தான் வந்தது. அதற்கு முன், 1916ஆம் ஆண்டின் யு.எஸ். ஓப்பன் போட்டியைச் சிக் எவான்ஸ் ஏழு மட்டைகளை மட்டும் வைத்துக்கொண்டு வென்றிருக்கிறார்.

அடுத்தடுத்த எண்ணுள்ள இரண்டு அயர்ன்களுக்கு, அதாவது எண்ணிட்ட உலோகத் தலை மட்டைகளுக்கு, இடையே பந்து போகும் தூரத்தில் உள்ள வேறுபாடு சுமார் 10 முதல் 12 கெஜம். சராசரி ஆட்டக்காரர் ஒரே 7-அயர்னால் பத்துப் பந்துகளை அடித்தால், அந்தப் பத்தும் 20 கெஜத்துக்கும் அதிகமான இடைவெளியில் சிதறிக் கிடக்கும். அப்படியிருக்க, 10 கெஜ வேறுபாட்டுக்காக ஒரு மட்டையைக் கூடுதலாக வாங்குவதில் பயன் குறைவு. ஒரு 5-வுட் (பெரிய தலையுள்ள நெடுந்தூர மட்டை), ஒரு ஹைப்ரிட் (வுட்டுக்கும் அயர்னுக்கும் இடைப்பட்டது), 6, 8 ஆகிய இரண்டு அயர்ன்கள், ஒரு பிட்சிங் வெட்ஜ், ஒரு சாண்ட் வெட்ஜ் (இரண்டும் குறுந்தூர மட்டைகள்), ஒரு பட்டர் (பந்தைக் குழிக்குள் உருட்டுவது) என்று ஏழு மட்டைகளோடு தொடங்குமாறுதான் நான் சொல்வேன். எந்த இடைவெளி உண்மையிலேயே உறுத்துகிறது என்பது ஓராண்டில் தானாகத் தெரிந்துவிடும். அப்போது அதற்குரிய மட்டையை மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

முதல் செட்டே புதுசா வாங்கணுமா, செகண்ட் ஹேண்ட் போதுமா?

பட்டரையும் அயர்ன்களையும் பொறுத்தவரை செகண்ட் ஹேண்ட் போதும் என்பது மட்டுமல்ல, பெரும்பாலும் அதுவே அறிவார்ந்த தேர்வு. எஃகில் செய்த அயர்னின் தலை, கல்லிலும் கான்கிரீட்டிலும் அடிபடாதவரை, பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்த பின்னும் பந்தை அதே தூரத்துக்கு அனுப்பும். தேய்வது கிரிப், அதாவது கைப்பிடி உறை, அதை மாற்ற ஆகும் செலவு சிறியது.

முன்னணி நிறுவனங்களில் சில, ஆண்டுதோறும் புதிய டிரைவர்களை, அதாவது முதல் அடிக்கான மிக நீளமான மட்டைகளை, அறிமுகப்படுத்துகின்றன; பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் அவை கடைக்கு வரும். வந்தவுடன் முந்தைய மாடலின் விலை இறங்கும். அந்த இரண்டு மாடல்களுக்கு இடையே சராசரி ஆட்டக்காரரின் ஸ்கோர் அட்டையில் தெரியக்கூடிய வேறுபாடு ஏதுமில்லை, ஏனெனில் டிரைவரின் முகம் எவ்வளவு துள்ளலாம், தலை எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்கெல்லாம் விதிகளே உச்ச வரம்பு வைத்திருக்கின்றன. தலையின் கன அளவு 460 சிசிக்கு மேல் போகக் கூடாது. அந்த எல்லையை நிறுவனங்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே தொட்டுவிட்டன. புதிய டிரைவர் ஒன்று நம் ஊரில் அரை லட்ச ரூபாயைத் தாண்டும் நிலையில், மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் பழைய மாடலை நல்ல நிலையில் வாங்குபவர் இழப்பது ஏறக்குறைய எதுவுமில்லை.

வெட்ஜ் மட்டும் விதிவிலக்கு. அதன் முகத்தில் உள்ள பள்ளக்கோடுகள் மணலிலும் புல்லிலும் உரசித் தேய்ந்துபோகும். கோடுகளின் விளிம்பு மழுங்கிய வெட்ஜ் பந்தைக் கிரீனில், அதாவது குழியைச் சுற்றியுள்ள குறும்புல் தளத்தில், நிறுத்தாது. கையிலுள்ள பணத்தில் ஏதாவது ஒன்றைப் புதிதாக வாங்க முடியுமென்றால், அது சாண்ட் வெட்ஜாக இருக்கட்டும்.

பையோடு சேர்த்து ஒரே பெட்டியில் விற்கிறார்களே, அந்த பாக்ஸ் செட் எப்படி?

ஆட்டம் பிடிக்குமா என்று தெரியாத நிலையில் உள்ளவருக்கு அது நியாயமான வழி. வில்சன், கோப்ரா, காலவே போன்ற நிறுவனங்கள் இத்தகைய செட்டுகளை வெளியிடுகின்றன. டெகாத்லானின் இனிசிஸ் பிராண்டில் தொடக்க நிலை மட்டைகளைத் தனித்தனியாகவும் வாங்க முடியும். இவற்றின் தலைகள் பெரியவை, மன்னிக்கும் தன்மை கொண்டவை, அதாவது நடுவில் படாத அடியையும் ஓரளவு காப்பாற்றுபவை.

இவற்றின் குறை ஷாஃப்டில், அதாவது மட்டையின் தண்டில்தான் இருக்கிறது. எல்லோருக்கும் பொதுவாக ஒரே நீளம், ஒரே விறைப்பு என்று செய்யப்படுவதால், உயரமோ வேகமோ சராசரியிலிருந்து சற்று விலகியவருக்கு அவை ஒத்துவராது. இதே தொகைக்கு, ஐந்தாறு ஆண்டுகள் பழைய நல்ல அயர்ன் செட் ஒன்று கிடைக்குமானால் நான் அதையே எடுப்பேன்.

அயர்னில் பிளேடு, கேவிட்டி என்று சொல்கிறார்களே, எனக்கு எது?

கேவிட்டி பேக்தான், இதில் தயங்க எதுவுமில்லை. பிளேடு என்பது பின்புறம் தட்டையாக, எடை முழுவதும் நடுவில் குவிந்திருக்கும் மட்டை. நடுவில் பட்டால் அருமையாகப் போகும். விளிம்பில் பட்டால் தலை கையில் திரும்பிவிடும், பந்து பாதி வழியில் விழும். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் பொறியாளராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம், எடையை நடுவிலிருந்து எடுத்து ஓரங்களுக்குப் பகிர்ந்துவிட்டால் மட்டை திரும்புவது குறையும் என்று கண்டார். 1959இல் அவர் வீட்டுக் கேரேஜில் செய்த பட்டரில் தொடங்கிய அந்த எண்ணம், அவருடைய பிங் நிறுவனத்தின் அயர்ன்களுக்கும் வந்தது. இன்று சராசரி ஆட்டக்காரருக்கென்று விற்கப்படும் அயர்ன்கள் அனைத்தும் அந்த வழியில் வந்தவைதாம்.

பார்த்தே அடையாளம் காணலாம். மட்டையைத் தரையில் வைத்து மேலிருந்து நோக்கும்போது மேல்விளிம்பு ஓரளவு தடிமனாகவும், அடிப்பாகம் அகலமாகவும், பின்புறம் குழிந்தும் இருக்க வேண்டும். அடிப்பாகம் அகலமாக இருப்பது, பந்துக்குப் பின்னால் தரையைத் தொடும் அடிகளில் மட்டை மண்ணுக்குள் புதையாமல் வழுக்கிச் செல்ல உதவுகிறது. சராசரி ஆட்டக்காரரின் தவறுகளில் பல அந்த வகையைச் சேர்ந்தவை.

என் நண்பரின் 7-அயர்ன் என்னுடையதைவிட 15 கெஜம் அதிகம் போகிறது. அது நல்ல மட்டையா?

அதன் அடிப்பாகத்தில் 7 என்று பொறித்திருக்கிறது, அவ்வளவே. அந்த எண்ணுக்கு எந்த விதியும் இல்லை. சில பத்தாண்டுகளுக்கு முன் 7-அயர்னின் லாஃப்ட், அதாவது முகம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம், 35 டிகிரியை ஒட்டி இருந்தது. இப்போது சராசரி ஆட்டக்காரர்களுக்காகச் செய்யப்படும் செட்டுகளில் அது 30க்கும் கீழே வந்துவிட்டது. அதாவது, நண்பர் வைத்திருப்பது ஒருகாலத்தின் 5-அயர்ன் அல்லது 6-அயர்ன். எனவே கடையில் எண்ணை வைத்து ஒப்பிடாமல், லாஃப்ட் எத்தனை டிகிரி என்று கேட்டு ஒப்பிட வேண்டும். நிறுவனங்களின் இணையதளங்களில் ஒவ்வொரு மாடலுக்கும் அட்டவணை உண்டு, பழைய மாடல்களுக்கும்.

இதில் பணத்தோடு தொடர்புள்ள ஒரு சிக்கல் இருக்கிறது. இத்தகைய செட்டில் பிட்சிங் வெட்ஜும் 43 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. வழக்கமான சாண்ட் வெட்ஜ் 54 முதல் 56 டிகிரி. இடையில் பதினொன்று முதல் பதின்மூன்று டிகிரி வெற்றிடம். கிரீனிலிருந்து 80, 90 கெஜத்தில் நிற்கும்போது கையில் சரியான மட்டை இருக்காது. ஆகவே 48 அல்லது 50 டிகிரியில் இன்னொரு வெட்ஜ் வாங்கியாக வேண்டும். விலை குறைவென்று எடுத்த செட் ஒரு மட்டையின் விலையைக் கூடுதலாகக் கேட்கும். வாங்கும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

ஷாஃப்ட் ஸ்டீலா, கிராஃபைட்டா? R எடுக்கவா, S எடுக்கவா?

டிரைவர், வுட், ஹைப்ரிட் ஆகியவற்றில் இன்று கிடைப்பவை பெரும்பாலும் கிராஃபைட்தான். அயர்னில் மட்டும் தேர்வு இருக்கிறது. எஃகு ஷாஃப்ட் பொதுவாக 90 முதல் 130 கிராம் எடை கொண்டது. விலை குறைவு, செகண்ட் ஹேண்டில் எளிதாகக் கிடைக்கும். கிராஃபைட் அதைவிட இலகுவானது, கையில் அதிர்வைக் குறைக்கும். முழங்கையிலோ மணிக்கட்டிலோ வலி உள்ளவர்களும், ஐம்பதைத் தாண்டி வேகம் குறைந்தவர்களும் கிராஃபைட்டுக்குக் கூடுதலாகச் செலவிடுவதில் பொருள் உண்டு. மற்றவர்களுக்கு, 100 கிராமை ஒட்டிய இலகுவான எஃகு ஷாஃப்ட் முற்றிலும் போதுமானது.

விறைப்பை L, A, R, S, X என்ற எழுத்துகளால் குறிக்கிறார்கள். மிக வளைவதிலிருந்து மிக விறைப்பானது வரை அதே வரிசை. ஆனால் இந்த எழுத்துகளுக்கும் பொது அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் R இன்னொன்றின் S அளவுக்கு விறைப்பாக இருக்கலாம். தோராயமாகச் சொன்னால், டிரைவர் அடி காற்றில் 200 கெஜத்தை ஒட்டிப் பறந்து விழுகிறவருக்கு R, 180ஐ எட்டாதவருக்கு A, 240ஐத் தாண்டுகிறவருக்கு S. இளைஞர்கள் பலர் R என்றால் ஏதோ குறைவு என்று எண்ணி S வாங்கிவிட்டு, பந்து தாழ்வாகவும் வலப்பக்கமாகவும் போகிறதே என்று மாதக்கணக்கில் வருந்துகிறார்கள். ஐயம் இருந்தால் மென்மையானதையே எடுங்கள்.

நான் ஐந்தடி நான்கு அங்குலம். கடையில் இருக்கும் சாதாரண நீளம் எனக்குச் சரிவருமா?

உயரத்தைவிட முக்கியமானது, நிமிர்ந்து நிற்கும்போது மணிக்கட்டிலிருந்து தரை வரை உள்ள தூரம். குள்ளமானவருக்குக் கைகளும் குட்டையாக இருந்தால் நீளம் சரியாகவே அமையும். இந்தத் தூரத்தையும் உயரத்தையும் வைத்து நீளம் சொல்லும் அட்டவணைகளைப் பெரிய நிறுவனங்கள் வெளியிட்டிருக்கின்றன. வீட்டில் ஒருவர் டேப் பிடித்தால் அளந்துவிடலாம்.

நீளத்தைவிடப் பலர் கவனிக்கத் தவறுவது லை கோணம், அதாவது மட்டையின் அடிப்பாகம் தரையில் அமரும்போது ஷாஃப்ட் தரையோடு உண்டாக்கும் கோணம். அது உங்களுக்கு மிக நிமிர்ந்ததாக இருந்தால் பந்து இடப்பக்கமும், மிகச் சாய்ந்ததாக இருந்தால் வலப்பக்கமும் போகும். ஆட்டக்காரரோ தம் வீச்சில்தான் பிழை என்று நினைத்துக்கொண்டிருப்பார். இதைச் சோதிக்க ஒரு வெள்ளைப்பலகை மார்க்கர் போதும். பந்தின் மீது செங்குத்தாக ஒரு தடித்த கோடு வரைந்து, கோடு மட்டையின் முகத்தைப் பார்க்குமாறு வைத்து, 7-அயர்னால் அடியுங்கள். மையின் தடம் முகத்தில் பதிந்திருக்கும். முகத்திலுள்ள பள்ளக்கோடுகளுக்கு நேர்செங்குத்தாகப் பதிந்தால் கோணம் சரி. தடத்தின் மேல்முனை மட்டையின் நுனிப்பக்கம் சாய்ந்திருந்தால் மட்டை உங்களுக்கு அதிகம் நிமிர்ந்தது. ஷாஃப்ட் பக்கம் சாய்ந்திருந்தால் அதிகம் சாய்ந்தது. ஓரடியை நம்பாமல் ஏழெட்டு முறை பாருங்கள். ஒன்றிரண்டு டிகிரி வேறுபாட்டை, ஃபோர்ஜ் செய்யப்பட்ட, அதாவது உலோகத்தை அடித்து உருவாக்கிய அயர்ன்களில், தகுந்த கருவி உள்ள பட்டறையில் எளிதாக வளைத்துத் திருத்தலாம். வார்ப்பு அயர்ன்களில் எல்லாம் வளையாது என்பதால், அதை வாங்குவதற்கு முன்பே சோதித்துவிட வேண்டும்.

ஃபிட்டிங் எல்லாம் புரோக்களுக்குத்தானே? எனக்கு எதற்கு?

ஃபிட்டிங் என்பது ஆட்டக்காரரின் உடலுக்கும் வீச்சுக்கும் ஏற்ப மட்டையை அளந்து பொருத்துவது. அடுத்தவரின் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்க முயல்வதைப் போன்றது, பொருந்தாத மட்டையோடு ஆடுவது. தேர்ந்தவர் தம் கைத்திறனால் சமாளித்துவிடுவார், சராசரி ஆட்டக்காரருக்கு அந்த வழியும் இல்லை. எனவே ஃபிட்டிங் அவருக்குத்தான் கூடுதலாகத் தேவை. ஆனால் 14 மட்டைக்கும் முழுநாள் ஃபிட்டிங் தேவையில்லை. பந்தின் வேகத்தையும் உயரத்தையும் அளக்கும் லாஞ்ச் மானிட்டர் உள்ள இடத்தில், 7-அயர்னும் டிரைவரும் மட்டும் அடித்து, நீளம், விறைப்பு, லை, லாஃப்ட் ஆகிய நான்கையும் எழுதி வாங்கிக்கொண்டால் போதும். அந்தத் துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு செகண்ட் ஹேண்ட் சந்தையில் தேடுவது, எதுவும் தெரியாமல் தேடுவதைவிடப் பல மடங்கு மேல்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். உங்கள் வீச்சு இன்னும் வாரத்துக்கு வாரம் மாறிக்கொண்டிருந்தால், விறைப்பும் லையும் சில மாதங்களில் மாறக்கூடும். அப்படிப்பட்டவர் நீளத்தையும் கிரிப்பின் தடிமனையும் மட்டும் இப்போது சரிபார்த்துக்கொண்டால் போதும்.

கிரிப்பில் அப்படி என்ன இருக்கிறது?

மட்டையில் உங்கள் கை தொடும் ஒரே இடம் அது. இடக்கையால் பிடிக்கும்போது நடுவிரல்கள் இரண்டின் நுனியும் உள்ளங்கையின் சதையை மெல்லத் தொட வேண்டும். அழுந்தினால் கிரிப் மெல்லியது, எட்டாவிட்டால் தடித்தது. சென்னையின் வியர்வையிலும் ஈரக் காற்றிலும் ரப்பர் விரைவில் வழவழப்பாகிவிடும். பிறகு கை தானாக இறுக்கிப் பிடிக்கும், வீச்சு கெடும். பழைய செட் வாங்கியதும் முதல் செலவு கிரிப்பாக இருக்கட்டும். அதன் பின், சோப்பு நீரில் தேய்த்துக் கழுவித் துடைப்பதே அதன் ஆயுளை நீட்டிக்கும்.

டிரைவர் இல்லாமல் ஆடினால் கேலி செய்வார்களே?

செய்யலாம், ஸ்கோர் அட்டையில் அதற்கு இடமில்லை. டிரைவர்தான் பையிலேயே நீளமானது, பட்டரைத் தவிர்த்தால் லாஃப்ட் மிகக் குறைந்தது, ஆகவே நேராக அடிப்பதற்கு மிகக் கடினமானது. டிரைவரால் அடித்த பந்து மூன்றில் ஒன்று மரங்களுக்குள் போகும் ஆட்டக்காரர், 5-வுட்டால் 20, 30 கெஜம் குறைவாக அடித்துப் புல்வெளியில் இருப்பாரானால், சுற்றின் முடிவில் அவருக்கே லாபம். அதனால்தான் மேலே சொன்ன ஏழு மட்டைகளில் அதைச் சேர்க்கவில்லை.

வாங்கும்போது 9 டிகிரியை விட்டுவிட்டு, 10.5 அல்லது 12 டிகிரி லாஃப்ட் உள்ளதை எடுங்கள். லாஃப்ட் கூடினால் பந்து எளிதில் எழும், பக்கவாட்டில் வளைவதும் குறையும். கடையில் வரும் நீளம் பெரும்பாலும் 45.5 அங்குலத்தை ஒட்டியிருக்கும். கிரிப்பில் ஓர் அங்குலம் கீழே இறக்கிப் பிடித்துப் பாருங்கள். பந்து முகத்தின் நடுவில் படும் விகிதம் கூடுவதைத் தடங்களிலேயே காணலாம். இதற்கும் மேலே சொன்ன மார்க்கர் சோதனையே போதும், கோட்டுக்குப் பதில் ஒரு புள்ளி.

3-அயர்னும் 4-அயர்னும் எனக்கு எழும்பவே மாட்டேன் என்கின்றன.

அவற்றை விட்டுவிடுங்கள். அதே தூரத்துக்கு ஹைப்ரிட் இருக்கிறது. எடை கீழேயும் பின்னேயும் இருப்பதால் பந்து உயர்ந்து பறக்கும். வேகம் குறைந்தவர்கள் 5-அயர்னையும் ஹைப்ரிட்டாக மாற்றலாம், 7-வுட்டும் நல்ல துணை. பழைய செட் வாங்கும்போது 3, 4 அயர்ன்கள் இல்லை என்று விற்பவர் விலையைக் குறைத்தால், அது உங்களுக்கு ஆதாயமே.

வெட்ஜில் பவுன்ஸ் என்று ஒரு எண் போட்டிருக்கிறார்களே, அது என்ன?

வெட்ஜின் அடிப்பாகம் தட்டையாக இராமல், முன்விளிம்பைவிடப் பின்பகுதி சற்றுத் தாழ்ந்திருக்கும். அந்தக் கோணமே பவுன்ஸ். 4 முதல் 6 டிகிரி குறைவு, 7 முதல் 10 நடுத்தரம், அதற்கு மேல் அதிகம். மென்மையான தரையிலும் தளர்ந்த மணலிலும் அதிக பவுன்ஸ் மட்டையைப் புதையாமல் காக்கும். காய்ந்து இறுகிய தரையில் அதே மட்டை தரையில் மோதித் துள்ளி, பந்தின் வயிற்றில் பட்டு, கிரீனைத் தாண்டி அனுப்பிவிடும்.

சென்னையில் ஆடுபவர்களுக்கு இது நூலறிவு அல்ல. மே மாதத்தில் ஃபேர்வே, அதாவது கிரீன் வரை செல்லும் புல்வெளி, கட்டாந்தரையாக இருக்கும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அதே இடம் சொதசொதவென்றிருக்கும். ஒன்றே ஒன்று வாங்குவதானால் 8 முதல் 10 டிகிரி பவுன்ஸ் உள்ள 54 அல்லது 56 டிகிரி சாண்ட் வெட்ஜ் இரு காலத்துக்கும் ஒத்துப்போகும். இரண்டு வாங்க முடிந்தால், மேலே லாஃப்ட் பற்றிய விடையில் சொன்ன இடைவெளி வெட்ஜைக் குறைந்த பவுன்ஸில் எடுத்துக் கோடையில் பயன்படுத்தலாம். 60 டிகிரி வெட்ஜ் சராசரி ஆட்டக்காரருக்குத் தேவையில்லை.

பட்டருக்கு அவ்வளவு விலை கொடுக்க மனம் வரவில்லை. எது வாங்கினாலும் ஒன்றுதானே?

விலையில் நீங்கள் சொல்வது சரி, தேர்வில் அப்படி அல்ல. பார் 72, அதாவது தேர்ந்த ஆட்டக்காரர் 18 குழிகளுக்கு எடுக்க வேண்டிய அடிகள் 72 என்ற கணக்கே, கிரீனுக்கு இரண்டு வீதம் 36 பட்டுகளை உள்ளடக்கியது; நீங்கள் 95 அடித்தாலும் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பட்டரால் அடித்தவையே. வேறெந்த மட்டையும் அதன் அருகில் கூட வராது. எனவே பட்டரைத் தேர்ந்தெடுக்க ஒரு முழு மாலைப்பொழுதைச் செலவிடுங்கள்.

குனிந்து நிற்கும்போது கண்கள் பந்துக்கு நேர் மேலேயோ சற்று உள்ளேயோ இருக்க வேண்டும். 33 முதல் 35 அங்குலத்துக்குள் எந்த நீளம் அதைத் தருகிறதோ அதுவே உங்கள் நீளம். நம்மில் பலருக்கு 34 போதும், கடைகளோ 35ஐ நீட்டும். பட்டரை ஒரு விரலின் மீது கிடைமட்டமாகச் சமநிலையில் வைத்துப் பாருங்கள். முகம் வானத்தைப் பார்த்தால், அது நேராக இழுத்து நேராகத் தள்ளுபவர்களுக்கு உரியது. நுனி தரையை நோக்கித் தொங்கினால், வளைந்த பாதையில் வீசுபவர்களுக்கு உரியது. பத்தாண்டுப் பழைய பட்டரும் புதியதைப் போலவே உருட்டும் என்பதால், இங்கே செகண்ட் ஹேண்ட் வாங்கத் தயங்கவே வேண்டாம்.

பழைய செட்டைப் பார்க்கப் போகும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பகல் வெளிச்சத்தில் பாருங்கள். முதலில் எல்லா அயர்ன்களையும் வரிசையாகச் சுவரில் சாய்த்து வையுங்கள். நீளம் படிப்படியாக அரை அங்குலம் வீதம் மாற வேண்டும். ஒன்று மட்டும் முன்பின்னாக இருந்தால், அதன் ஷாஃப்ட் உடைந்து மாற்றப்பட்டிருக்கலாம். பிறகு ஒவ்வொரு மட்டையிலும் ஷாஃப்ட் தலைக்குள் நுழையும் இடத்திலுள்ள கறுப்பு வளையத்தைப் பாருங்கள். அது மேலே ஏறியிருந்தால், அல்லது கிரிப்பை ஒரு கையால் இறுக்கிக்கொண்டு மறு கையால் தலையைத் திருக்கும்போது இம்மியளவு அசைந்தால், உள்ளே பசை விட்டுப்போயிருக்கிறது. வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் மாதக்கணக்கில் கிடந்த செட்டுகளில் இதை அடிக்கடி காணலாம்.

எஃகு ஷாஃப்டில் விரல் நகத்தை ஓட்டுங்கள். மேலோட்டமான துரு துணியில் போய்விடும், நகம் தடுக்கும் குழிகள் இருந்தால் அந்த இடத்தில் ஒருநாள் உடையும். கடற்கரை ஊர்களில் இது முக்கியம். கிராஃபைட்டில், பையின் விளிம்பு உரசிய வட்டத் தேய்மானம் வண்ணத்தோடு நின்றுவிட்டதா, இழை வரை போய்விட்டதா என்று பாருங்கள். டிரைவரைக் காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே எதுவும் கலகலக்கக் கூடாது; முகத்தையும் மேல்தளத்தையும் சாய்த்து ஒளியில் பார்த்தால் விரிசலோ அமுக்கமோ தெரிந்துவிடும். அயர்னின் அடிப்பாகத்தில் கீறல்கள் இருப்பது குற்றமல்ல, அவை மட்டை ஆடியதற்கான அடையாளங்கள்.

புதிய டிரைவரைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார் ஒருவர். வாங்கலாமா?

நடப்பு ஆண்டு மாடல், பிளாஸ்டிக் உறை பிரிக்காதது, பாதி விலை என்ற மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் போலி என்றே எண்ணித் தொடங்குங்கள். புகழ்பெற்ற நிறுவனங்களின் மட்டைகளுக்குப் போலிகள் ஏராளம். கழுத்துப் பகுதியில் வரிசை எண் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். அதை நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் சரிபார்க்கலாம். எழுத்துகளின் வண்ணம் விளிம்பைத் தாண்டி வழிந்திருப்பதும், கறுப்பு வளையம் கழுத்தோடு வழுவழுப்பாகச் சேராமல் படி போல நிற்பதும் கெட்ட அறிகுறிகள். டைட்டானியம் என்று சொல்லப்படும் டிரைவரின் முகத்தில் காந்தம் ஒட்டினால் அது டைட்டானியம் அல்ல.

உங்கள் கிளப்பின் உறுப்பினர்களிடமும் புரோ ஷாப்பிலும் வாங்குவதில் இந்தத் தொல்லை குறைவு. மட்டைப் பையைச் சுமந்துவரும் உதவியாளர்களான கேடிகளிடம் கேளுங்கள், யார் எந்த செட்டை மாற்றப் போகிறார், அது எப்படிப் பராமரிக்கப்பட்டது என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

மாமா 1990களில் வாங்கிய செட்டைத் தந்திருக்கிறார். அதோடு ஆடலாமா, விதி அனுமதிக்குமா?

அறியப்பட்ட நிறுவனத்தின் செட்டாக இருந்தால், நண்பர்களோடு ஆடும் ஆட்டத்துக்கு எந்தத் தடையும் இல்லை. போட்டியில் கலந்துகொள்ளும்போது மட்டும் அதன் விதிமுறைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். அயர்னும் பட்டரும் அப்படியே பயன்படும், கிரிப் மாற்றினால் போதும். டிரைவரையும் 3-வுட்டையும் மட்டும் மாற்றுங்கள்: 1991இல் வந்தபோது மிகப் பெரியதென்று பேசப்பட்ட காலவேயின் பிக் பெர்த்தா டிரைவரின் தலை 190 சிசி மட்டுமே. இன்றைய 460 சிசி தலையோடு ஒப்பிட்டால், நடுவிலிருந்து சற்று விலகிப் பட்ட அடிகளில் வேறுபாடு வெளிப்படையாகத் தெரியும். சராசரி ஆட்டக்காரருக்குக் கடந்த முப்பது ஆண்டுகளின் தொழில்நுட்பம் உண்மையான பயனைத் தந்திருப்பது முக்கியமாக இந்த இடத்தில்தான்.

என் மனைவிக்கும் பத்து வயது மகளுக்கும் என் பழைய மட்டைகளை வெட்டித் தரலாமா?

வேண்டாம். ஷாஃப்டை வெட்டினால் நீளம் குறையும்; விறைப்போ கூடிவிடும், தலையின் எடை அப்படியே இருக்கும். சிறுமியால் அதை வீச முடியாமல், உடம்பைச் சுழற்றித் தூக்கும் பழக்கம் படிந்துவிடும். சிறுவர் செட்டுகள் உயரத்தை வைத்து அளவிடப்படுகின்றன. வளர்ந்ததும் விற்றுவிடலாம், கிளப்பில் அடுத்த குழந்தை காத்திருக்கும். மனைவிக்கு, 'லேடீஸ்' என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். அவை ஆண்களுக்கானவற்றைவிட ஓர் அங்குலம் குட்டையானவை, இலகுவானவை, L விறைப்பு கொண்டவை. உயரமும் வலிமையும் உள்ள பெண்ணுக்கு A அல்லது R ஷாஃப்ட் சரியாக இருக்கும். வேகத்தை அளந்து முடிவு செய்யுங்கள்.

நான் இடக்கைக்காரன். பழைய மட்டையே கிடைப்பதில்லை.

உண்மை, நம் ஊர்ச் சந்தையில் மிகக் குறைவு. அதற்காக வலக்கையில் பழகத் தொடங்க வேண்டாம். மேலே சொன்ன ஏழு மட்டைகளில் ஹைப்ரிட்டையும் இரண்டு அயர்ன்களையும் தனித்தனியாகப் புதிதாக வாங்கித் தொடங்குங்கள். கிடைக்கும்போது மற்றவற்றைச் சேர்க்கலாம். கிடைத்தால் பேரம் பேசுங்கள், இடக்கை செட்டை வாங்க வேறு ஆள் விற்பவருக்கும் எளிதில் அமையாது.

ஊட்டியில் ஒரு டிரைவரை அடித்துப் பார்த்தேன், என்னுடையதைவிட 20 கெஜம் அதிகம் போனது. அதை வாங்கிவிடலாமா?

உங்களுடைய டிரைவரையும் அங்கே கொண்டுபோய் அடித்திருந்தால் அதுவும் கூடுதலாகப் போயிருக்கும். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தடுக்கும் காற்று குறைவதால், பந்து சென்னையில் போவதைவிடப் பத்து விழுக்காட்டை ஒட்டி அதிகம் பறக்கும். கொடைக்கானலிலும் ஏறக்குறைய இதே நிலைதான். இரு மட்டைகளை ஒப்பிட வேண்டுமானால் ஒரே இடத்தில், ஒரே நாளில், ஒரே வகைப் பந்தால், மாற்றி மாற்றி அடித்துப் பாருங்கள். பயிற்சித் திடலின் தேய்ந்த பந்துகள் குறைவாகப் பறக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். ஒப்பீட்டுக்கு அவை உதவும், தூரத்தை அறிய உதவாது.

என்னிடம் ஒரு குறிப்பிட்ட தொகைதான் இருக்கிறது. மட்டைக்குச் செலவிடவா, பயிற்சியாளரிடம் கற்கவா?

மிகக் கடினமான கேள்வி இதுதான், ஏனெனில் இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை. நீங்கள் இப்போது வைத்திருக்கும் மட்டைகள் நீளத்திலும் கிரிப்பிலும் பெருமளவு பொருந்துபவை என்றால், தொகை முழுவதையும் பயிற்சிக்கே கொடுங்கள். பொருந்தாதவை என்றால், பயிற்சியாளர் திருத்துவதை மட்டை மறுநாளே கெடுத்துவிடும்; முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

எந்த மட்டையுமே இல்லாத நிலையில், தொகையைப் பத்துப் பங்காக வைத்துக்கொண்டால், நான் பிரிப்பது இப்படி: பழைய ஹைப்ரிட்டும் அயர்ன்களும் பிட்சிங் வெட்ஜும் மூன்று பங்கு, 5-வுட் ஒரு பங்கு, புதிய சாண்ட் வெட்ஜ் ஒரு பங்கு, பட்டர் ஒரு பங்கு, கிரிப்புகளும் சிறு ஃபிட்டிங்கும் ஒரு பங்கு, மீதி மூன்று பங்கும் பயிற்சியாளருக்கு. பைக்கு இதில் இடமில்லை. அதைக் கிளப்பில் யாரிடமாவது கேட்டால் சும்மாவே கிடைக்கும். பயிற்சியாளரிடம் போகும் முதல் நாளில் வாங்கிய செட்டை அப்படியே எடுத்துச் சென்று, அவர் முன்னிலையில் இரண்டு மூன்று மட்டைகளால் அடித்துக் காட்டுங்கள். ஏதேனும் ஒன்று ஒத்துவராது என்று அவர் சொன்னால், விற்றவரிடம் திருப்பிக் கொடுக்கும் வாய்ப்பு அந்த வாரத்தில்தான் இருக்கும். அந்த நிபந்தனையை வாங்கும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.